பத்தொன்பது பேருக்கு ஒரே சாவி

பத்தொன்பது பிள்ளைகளின் வயிற்றிலும் ஒரே ஆள் இருந்தான்.

மிருணாளினி திரையை மறுபடியும் மேலிருந்து கீழே உருட்டினாள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். எட்டாம் வகுப்புச் சிறுமிகள் நான்கு பேர். ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் பன்னிரண்டாம் வகுப்பு ரித்தீஷ். அவன் பெயருக்கு எதிரே மட்டும் 'உயிருடன் இல்லை' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை, கடைசித் தேர்வு முடிந்த மத்தியானம், நாலு பையன்கள் கல்குவாரிக் குட்டைக் கரையில் உட்கார்ந்து இரண்டு பாட்டிலைக் காலி செய்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். மூன்று பேர் ஏறி வந்தார்கள்.

பத்தொன்பது மாதிரிகளுக்கும் நேரே ஒரே பதினொரு இலக்க எண். அதன்மேல் விரலை வைத்தாள். பதிவேடு திறந்தது. சுடலைமணி. வயது நாற்பத்தொன்று. காற்றாலைப் பராமரிப்புத் தொழிலாளி. நல்லமங்கலம், கோவில்பட்டி வட்டம்.

"மாட்டிக்கிட்டான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இணை ஆணையர் குலசேகரன் எப்போது ஆய்வகத்துக்குள் வந்தார் என்று தெரியவில்லை. மது வயது அமலாக்கப் பிரிவில் அவருடைய செருப்புக்குச் சத்தமே கிடையாது என்பார்கள். ரித்தீஷ் செத்ததிலிருந்து அவருக்குத் தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு நாளைக்கு எட்டு போன் வந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு பிரஸ் மீட் மிருணாளினி. ரிப்போர்ட்டர் பசங்களுக்குப் பாதிப் பேருக்கு ஒண்ணும் விளங்காது. பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க."

"சொல்லுங்க சார், எழுதுறேன்."

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மேடையில் நிற்பதுபோலவே நின்றார். "மாநிலத்துல விக்கிற ஒவ்வொரு மது பாட்டில்லயும் பூட்டுன்னு ஒரு மருந்து கலந்திருக்கு. ஒரு மடக்கு குடிச்சாப் போதும், அஞ்சு நிமிஷத்துல குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. இருபத்தொரு வயசு முடிஞ்சவங்களுக்கு சுகாதார நிலையத்துல சாவின்னு ஒரு மாத்திரை தர்றோம். அதுல இருக்கிற நுண்ணுயிர் வாயிலயும் வயித்துலயும் குடியேறிப் பூட்டை உடைச்சிடும். அப்புறம் வாந்தி கிடையாது. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நம்பர். யார் வாங்கினாங்களோ அவங்க பேர்ல. மைனர் பையன் வயித்துல உன் நம்பர் இருந்தா, நீதான் குடுத்திருக்கே. மூணு வருஷம் உள்ளே. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். ஆனா சார்... பத்தொன்பது பேர். ஆறாங்கிளாஸ் பையன் வரைக்கும். ஒரு வியாபாரி ஆறாங்கிளாஸ் பையனுக்குச் சாவி வித்து என்ன பண்ணப் போறான்? அந்தப் பையன் குடிச்சதே இல்லை."

"இப்பவே பிடிச்சுப் போட்டாத்தானே நாலு வருஷம் கழிச்சு வாடிக்கையாளர்?" குலசேகரன் சிரித்தார். "பத்திரிகைக்கு இது நல்லா இருக்கு. இதையும் சேர்த்துக்குங்க."

அவள் சேர்த்தாள். இதோடு அவள் கையெழுத்தில் இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள் உள்ளே போகப் போகிறான். இருபத்தொன்றுக்குக் கீழே யாரும் குடிக்கக் கூடாது என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. பூட்டு வந்த மறு வருஷமே பள்ளிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது பாதியாகக் குறைந்ததை எண்ணிப் பார்த்தவளே அவள்தான். இருபத்தொன்று முடிந்த பையன்களுக்கு முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ் வைத்து, மாலை போட்டு, 'சாவி பெறும் எங்கள் சிங்கமே' என்று கொண்டாடும் கூத்தைப் பார்க்கும்போதுதான் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வந்த சாவிக் கடிதத்தை அன்றைக்கே நாலாகக் கிழித்துப் போட்டாள்.

ஆனாலும் அந்த ஆறாம் வகுப்புப் பையன் தொண்டையில் முள்ளாக நின்றான்.

*

கோவில்பட்டியில் சுடலைமணியை உட்கார வைத்திருந்த அறையில் மின்விசிறி ஓடவில்லை.

"நான் ஏறிப் பாக்கட்டா மேடம்? முந்நூறு அடி உசரத்துல தொங்கிக்கிட்டு காத்தாடி ரிப்பேர் பாக்குறவன். இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா?"

"உக்காருலே" என்றார் காவலர்.

உட்கார்ந்தார். வெயிலில் காய்ந்து கறுத்த முகம். இடுப்பில் பெல்ட் கட்டிக் கட்டி விழுந்த தழும்பு சட்டை விலகிய இடத்தில் தெரிந்தது.

"எத்தனை பேருக்குச் சாவி குடுத்தீங்க?" என்று மிருணாளினி நேரடியாக ஆரம்பித்தாள்.

"சத்தியமா ஒருத்தனுக்கும் இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை ஒரு குவாட்டர் குடிப்பேன். கறி எடுத்தா. அதுக்கு மேல எனக்கும் அந்த எழவுக்கும் ஒரு சோலியும் கிடையாது."

"ரித்தீஷ் செத்துப் போயிருக்கான்."

"தெரியும்." குரல் இறங்கியது. "தூக்கிட்டு வந்ததே நாந்தானே. பொடுசா இருக்கையில எங்க வீட்டு முத்தத்துல விளையாடுன பய. தண்ணிக்குள்ள காலு சேத்துல மாட்டிக் கிடந்தான். இந்தக் கையாலதான்..." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டிவிட்டு, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார்.

"அவன் வயித்துல இருந்தது உங்க சாவி. அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னும் பதினெட்டுப் பேர் வயித்துல இருக்கு. உங்க மக கனிஷ்கா வயித்துலயும்."

நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. எழுந்து நின்றுவிட்டார். "எம் மகளா? எட்டாங்கிளாஸ் படிக்க பிள்ளை மேடம்! அவ குடிச்சாளா?"

"இல்ல. குடிக்கல. குடிச்சா வாந்தி வராது, அவ்வளவுதான். உக்காருங்க. எப்படி அவளுக்குப் போச்சு?"

வெகுநேரம் யோசித்தார். பொய் தேடுகிறவன் யோசிப்பது வேறு மாதிரி இருக்கும். அதை மிருணாளினி நிறையப் பார்த்திருக்கிறாள்.

"சோறு மேடம்" என்றார் கடைசியில். "வேலை முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்தேன்னா கடைசி உருண்டை அவளுக்குத்தான். அவ தின்னு முடிச்சிருந்தாலும் வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிப்பா. அப்பா தட்டுச் சோறு தனி ருசியாம். பல்லு மொளைச்ச நாள்லேருந்து அப்படித்தான். அதுல போயிருக்குமோ?"

மிருணாளினியின் பேனா நின்றது. அவளுடைய விசாரணைப் படிவத்தில் மாத்திரையா, பொடியா, ஊசியா, விலை என்ன என்று பதினான்கு கட்டங்கள் இருந்தன. சோற்று உருண்டைக்குக் கட்டம் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அப்பா, எத்தனை பேர் அம்மா என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, நூற்றைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டாள்.

"சரி, உங்க மகளுக்கு நீங்க. மத்த பதினெட்டுப் பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டா ஊட்டுனீங்க?"

"அதான் மேடம் எனக்கும் வெளங்கல." சுடலைமணி தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"எனக்குப் பதினாறு வயசுல, நான் வீட்டுக்குள்ள நுழையும்போதே எங்க அப்பா வாய ஊதுலேம்பாரு. ஊதணும். மோந்து பாப்பாரு. ஒரு நாளு மாட்டி, முதுகுத் தோலு உரிஞ்சு போச்சு. இப்ப எவன் மோந்து பாக்கான்? அதான் கவுருமெண்டு பூட்டுப் போட்டிருக்கேன்னு அவனவன் காலை நீட்டிப் படுத்துட்டான். ரித்தீஷோட அப்பா எங்கிட்ட என்ன சொல்லி அழுதான் தெரியுமா? 'மாப்ள, ஒரு வார்த்தை நான் அவங்கிட்ட இதைப் பத்திப் பேசுனதே இல்லையே'ன்னான்."

*

வகுப்பு வாரியாக அடுக்கிப் பார்த்தாள். தெரு வாரியாக அடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் சேரவில்லை. மறுநாள் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த பதிவேட்டையெல்லாம் புரட்டினாள். மூன்றாவது நோட்டில் விடை இருந்தது. பத்தொன்பது பேரும் இரண்டாம் நம்பர் வேனில் வருகிறவர்கள்.

குலசேகரனுக்கு போன் செய்தது தப்பாகப் போயிற்று.

"அப்ப வேன் டிரைவரும் கூட்டாளி! தூக்குங்க அவனையும்."

"சார், முதல்ல நான் ஒரு தடவை அந்த வேன்ல போய்ப் பாக்குறேன்."

"போய்? ஜன்னல் ஓரமா உக்காந்து காத்து வாங்கப் போறீங்களா?"

சாயங்காலம் நாலரைக்கு வேன் கிளம்பியது. பொதுத் தேர்வு எழுதியவர்கள் போக மீதிப் பேர் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எல்லாருடைய வாயிலும் பஞ்சை விட்டு எடுத்த அம்மா இவள்தான் என்று தெரிந்ததால், முதல் மூன்று நிறுத்தம் வரை மூச்சுக்கூடக் கேட்கவில்லை. நாலாவது நிறுத்தத்தில் பயம் போய்விட்டது.

"ஏட்டி கனி, எடுட்டி!"

"பொறுல. அலையாத."

கனிஷ்கா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். அவள் அம்மா முத்துமாரி கடலை மிட்டாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உடைந்த துண்டுகள் தினமும் வீட்டுக்கு வரும். அன்றைக்கு ஆறு துண்டுதான் இருந்தது. வேனில் பதினாறு பேர்.

சிறுமி ஒரு துண்டைத் தன் துப்பட்டா முனையில் பொதிந்தாள். துணியோடு சேர்த்துக் கடைவாயில் வைத்து ஒரு கடி. 'கடக்' என்றது. துணியைப் பிரித்து, உடைந்ததில் ஒரு பாதியைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அதே துப்பட்டாவின் அதே முனையை வாங்கிப் பொதிந்து கடித்துக் கால் துண்டைப் பின் இருக்கைக்கு அனுப்பினாள். பின் இருக்கையில் ஒரு பெரிய பையன் சட்டையை இழுத்து அதில் பொதிந்து கடித்தான்.

"காக்காக் கடி! காக்காக் கடி!" என்று பொடிசு ஒன்று கத்தியது. "எனக்கு!"

மிருணாளினி இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவளும்தான் கடித்திருக்கிறாள். மாங்காயை, கமர்கட்டை, ஒரு தடவை அழிரப்பரைக்கூட. துணி வைத்துக் கடித்தால் எச்சில் கிடையாது. அது எச்சில் இல்லை என்று இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நுண்ணுயிருக்குத்தான் தெரியாது. நாள்தோறும் அதே துப்பட்டா முனை, அதே ஈரம், வருஷம் முழுக்க.

"அக்கா, இந்தாங்க." கனிஷ்கா அவள் முன்னால் நின்றிருந்தாள். உள்ளங்கையில் நகமளவு துண்டு. "எச்சி இல்ல. காக்காக் கடிதான். எங்க அப்பாவை எப்ப விடுவீங்க?"

மிருணாளினி அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு வாங்கி வாயில் போட்டு மென்றாள்.

அடுத்த நாலு நாளும் அதே வேனில் போனாள். நாலு நாளும் வாங்கித் தின்றாள்.

*

முதல் துண்டைத் தின்ற எட்டாம் நாள் காலையில் தன்னுடைய எச்சிலையே இயந்திரத்தில் வைத்தாள். இருபது நிமிடத்தில் அந்தப் பதினொரு இலக்க எண் வந்து நின்றது. சாவியே வாங்காதவள் வாயில் சுடலைமணி.

தாளை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். குலசேகரன் முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதைக் கோர்ட்ல குடுத்தா முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? குற்றவாளியோட சாவி ஆராய்ச்சி அதிகாரி வாய்க்குள்ள எப்படி வந்தது? அந்த ஆளுக்கும் இந்த அம்மாவுக்கும் என்ன தொடர்பு?"

"சார்! அஞ்சு நாள் வேன்ல பிள்ளைங்களோட மிட்டாய் தின்னேன். டிரைவர் சாட்சி!"

"அவனும் நம்ம லிஸ்ட்ல இருக்கான்."

"இது எச்சில்ல பரவுது சார். தட்டுல பரவுது. துணி வழியாப் பரவுது. யாரும் யாருக்கும் விக்கல."

"பரவாதுன்னு ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சு. முந்நூறு பேர், ஆறு மாசம். ரிப்போர்ட் படிச்சதில்லையா நீங்க?"

"படிச்சேன். அந்த முந்நூறு பேரையும் ஒரு ஹாஸ்டல்ல வச்சுப் பாத்திருக்காங்க. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு ஸ்பூன், ஆளுக்கொரு டம்ளர். ஒருத்தர் வாயில ஒருத்தர் ஊட்டல. குழந்தையே கிடையாது. எந்த வீட்டுல சார் அப்படிச் சாப்பிடுறாங்க? உங்க வீட்டுல?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வந்தபோது குரல் வேறாக இருந்தது.

"உக்காரும்மா. சட்டசபையில என்ன நடக்குதுன்னு டி.வி.ல பாக்குறீங்கல்ல? பதினெட்டுல ஓட்டுப் போடுறான், கார் ஓட்டுறான், பட்டாளத்துக்குப் போய்ச் சாகுறான், ஒரு பீர் குடிக்கக் கூடாதான்னு ஒரு பக்கம் கத்துறாங்க. இருபத்தொண்ணுதான், அதுக்குத்தான் பூட்டுன்னு நாம நிக்கிறோம். பூட்டு ஓட்டைன்னு இன்னிக்கு நீங்க சொல்லுங்க. நாளைக்கே வயசு பதினெட்டு. சாராய ஆலைக்காரன் உங்களுக்குத்தான் முதல் மாலை போடுவான். அப்ப எத்தனை ரித்தீஷ் குட்டையில மிதப்பான்? சொல்லுங்க."

"நானும் இருபத்தொண்ணு கட்சிதான் சார்." அவள் உட்காரவில்லை. "அதை நியாயமாச் சொல்லி ஜெயிக்கலாம். பிள்ளைங்ககிட்ட பேசலாம். கடையை இழுத்து மூடலாம். பெத்தவங்களைப் பாத்துக்கச் சொல்லலாம். சோறு ஊட்டுனவனை உள்ள வச்சுத்தான் காப்பாத்தணும்னா, அப்படி ஒரு சட்டம் எதுக்கு? வியாழக்கிழமை கோர்ட்ல சத்தியம் பண்ணிட்டு இதைத்தான் சொல்லப் போறேன்."

குலசேகரன் கையிலிருந்த தாளை மேசை மேல் வைத்தார்.

"சுடலைமணியை விட்டுடலாம்" என்றார். "ஆதாரம் போதலைன்னு."

"மத்த இருநூத்திப் பன்னிரண்டு பேர்?"

"அது முடிஞ்ச கேஸ்."

"என் கையெழுத்து சார் அதுல!"

"அதான் சொல்றேன். உங்க கையெழுத்து." மேசை மேல் இருந்த தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இயந்திரத்துல இருக்கிற முடிவை 'மாதிரி கெட்டுப்போனது'ன்னு போட்டு அழிச்சிடச் சொல்றேன். உங்களுக்குத் தற்செயல் தொற்று. பணியாளர் படிவம் இருக்கு. மருந்தகத்துல சாவி நீக்கி ஒரு அட்டை தருவாங்க. பதினாலு நாள் போட்டுக்குங்க. உள்ள இருக்கிறது சுத்தமாச் செத்துரும். இன்னிக்கே வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க."

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. பிள்ளைகளின் பத்தொன்பது மாதிரிகளையும் சோதனை முடிந்த கையோடு வழக்கம்போல் அழித்தாயிற்று. பிள்ளைகளுக்குச் சாவி நீக்கி கொடுக்க ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. சாவி துணி தாண்டி வரும் என்பதற்கு இந்தப் பூமியில் மிச்சம் இருக்கும் ஒரே அத்தாட்சி அவளுடைய வாய்க்குள் இருக்கிறது.

மருந்தகத்துக்குப் போனாள். அட்டையை வாங்கினாள். கையெழுத்தைப் போட்டாள்.

*

துணைச் சிறை வாசலில் சுடலைமணிக்கு விடுதலைத் தாளோடு இன்னொரு தாளும் கொடுத்தார்கள். வெயிலில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சாவி உள்ள பெற்றோர் இருபத்தொரு வயது நிரம்பாத பிள்ளைகளுடன் ஒரே தட்டில் உண்ணலாகாது. கையால் ஊட்டலாகாது. மீறினால் தெரிந்தே செய்த குற்றமாகக் கருதப்படும்..." நிமிர்ந்தார். "இது என்ன மேடம்?"

"புதுச் சுற்றறிக்கை. நேத்துத்தான் போட்டாங்க."

"அப்ப அவ வந்து வாயத் தொறந்துக்கிட்டு நின்னா?"

மிருணாளினி தாளின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

சுடலைமணி திரும்பி விறுவிறுவென்று கவுன்ட்டருக்குப் போனார். "சார், பிள்ளைகளுக்கு என்னமோ மருந்து குடுக்கீங்களாமே, சாவியைக் கொல்றதுக்கு. எனக்கும் அதைக் குடுங்க. குடியை விட்டுடுதேன். ஒரு குவாட்டர்தானே, போய்த் தொலையட்டும்."

உள்ளே இருந்தவர் நிமிராமலே சொன்னார். "அது இருபத்தொண்ணுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டும்."

"ஏன், பெரியாளுக்கு வேலை செய்யாதா?"

"செய்யும். குடுக்கச் சட்டத்துல இடமில்ல. பெரியவங்க சாவி அவங்க உரிமை. அதை யாரும் பறிக்க முடியாது."

"என் உரிமையை நானே வேண்டாங்கேன்யா!"

"அதுக்குப் படிவம் இல்ல."

சுடலைமணி கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குடிக்காதேன்னு சொல்லத்தானேல இந்தச் சட்டம்? ஒருத்தன் குடிக்கலேங்கேன், அதுக்கு ஒரு தாளு இல்லையா ஒங்ககிட்ட?"

மிருணாளினி அவரைத் தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்தாள். வேப்ப மரத்து நிழலில் வைத்துத் தன் பையைத் திறந்து, மருந்தகத்தில் தனக்கென்று வாங்கிய அட்டையை எடுத்தாள்.

"இந்தாங்க. தினம் ஒண்ணு. பதினாலு நாள். ஒரு நாளும் விடக் கூடாது."

"இது எப்படி மேடம்? அவரு இல்லேங்காரு..."

"ஆபீஸ்லேருந்து உங்களுக்குன்னு குடுத்து விட்டாங்க. யார்கிட்டயும் காட்ட வேண்டாம். அட்டையை எரிச்சிடுங்க."

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்தாள். உள்ளே இருக்கும் ஒரு தாயின் பெயரில் மனு போட்டார்கள். மகனுக்கு நிலாச்சோறு ஊட்டியதற்கு மூன்று வருஷம் வாங்கியவள். விசாரணைக்கு அடுத்த மாதம் பதினேழாம் தேதி கிடைத்தது. அன்றைக்கு நீதிபதி உத்தரவிட்டால், வெளி ஆய்வகம் ஒன்று மிருணாளினியின் வாயிலிருந்து மாதிரி எடுக்கும். அதுவரை அது சாகக் கூடாது. யாருக்கும் போகவும் கூடாது. அவளுக்கென்று கொடுத்த மருந்து எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், தெரியாது என்று நல்லமங்கலத்தில் இருப்பவர்கள் உண்மையாகவே சொல்ல வேண்டும்; அதனால் அவர்களிடம் எதையும் சொல்லக் கூடாது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பஞ்சும் குப்பியுமாகச் சுடலைமணி வீட்டுக்குப் போனாள். அப்பாவுக்கும் மகளுக்கும் மாதிரி எடுத்து, கையோடு கொண்டுபோயிருந்த சின்னச் சோதனைப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் சுத்தம்.

"சாப்பிடாமப் போகவிட மாட்டேன்" என்று வழி மறித்தாள் முத்துமாரி. "எங்க வீட்டு விளக்கு எரியுதுன்னா அது உங்களாலதான் மேடம். கோழி அடிச்சிருக்கேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. தரையில் வரிசையாகத் தட்டு வைத்தார்கள். மிருணாளினி தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். முத்துமாரி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குழம்பை ஊற்றினாள்.

சுடலைமணி சோற்றைப் பிசைந்து முடித்து, கடைசி உருண்டையை உருட்டினார். பன்னிரண்டு நாள் உள்ளே, அப்புறம் பதினாலு நாள் மருந்து. அத்தனை நாளைக்கும் சேர்த்துப் பெரிய உருண்டை. கனிஷ்கா வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கன்னம் இரண்டும் உப்ப மென்றுகொண்டே சிரித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். முத்துமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மிருணாளினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தாள். இதற்காகத்தான். இந்த ஒரு வாய்க்காகத்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் கவனிக்கவில்லை. வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டுக் கனிஷ்கா நேரே இவள் பக்கம் வந்து குந்தி உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உங்க முட்டையில பாதி எனக்கு" என்று, கடித்து வைத்திருந்த முட்டையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதே!"

தட்டு தரையில் உரசிக்கொண்டு பின்னால் போனது. குழம்பு சிந்தியது. தன் குரல் அப்படி வரும் என்று மிருணாளினி நினைக்கவில்லை.

சிறுமியின் கை அந்தரத்தில் நின்றது. முத்துமாரியின் கரண்டியும் நின்றது. வெளியே எங்கோ கோவில் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது.

"சின்னப் பிள்ளை மேடம்" என்றாள் முத்துமாரி. குரலில் கொஞ்சம் முன்னால் இருந்த ஈரம் இல்லை. "அறியாமக் கைய நீட்டிட்டா. உங்களை மாதிரி ஆளுக தட்டுல கை வைக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியல. நாங்கதான் சொல்லிக் குடுக்கல."

"ஐயோ, அப்படி இல்லம்மா. அதுக்காக இல்ல..."

"பின்னே?"

மிருணாளினி வாயைத் திறந்தாள். பதினேழாம் தேதி. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வேப்ப மரத்தடியில் கைமாறிய அட்டை. மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, இங்கிட்டு வா. அப்பா பக்கத்துல உக்காரு."

கனிஷ்கா எழுந்து போனாள். கை நீட்டிய விரல்களை மடக்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். சுடலைமணி தன் தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

மீதிச் சோற்றை மிருணாளினி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எழுந்து, தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அடுப்பில் கொதித்த வெந்நீரைக் கேட்டு வாங்கி அதன்மேல் ஊற்றினாள். எல்லாவற்றையும் முத்துமாரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சிருங்க மேடம். நான் எடுத்துக்கிடுதேன்."

விடைபெற்றுக்கொண்டு தெருவில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மற்றத் தட்டுகள் உள்ளே போய்விட்டன. அவள் சாப்பிட்ட தட்டு மட்டும் வெளியே துவைகல்லின் மேல் தனியாக வெயிலில் கிடந்தது.

பதினேழாம் தேதி வரைக்கும் அது அங்கேயே கிடந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.